காட்பாடி கணக்கு சார் டியூஷன்: இரண்டு பிள்ளைகளையும் அனுப்பியவள் எழுதுவது

காட்பாடி காந்தி நகரில் பத்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை கணக்கும் இயற்பியலும் சொல்லித்தரும் ஒரு சாரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. அவரிடம் இப்போது படிக்கும் பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும். அந்தப் பக்கம் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு 'போர்டு இல்லாத டியூஷன்' என்றாலே புரியும். வாசலில் பலகை கிடையாது. நோட்டீஸ் அடிப்பதில்லை. ரிசல்ட் வந்ததும் பிள்ளைகள் படத்தைப் போட்டு பிளக்ஸ் வைக்கும் வழக்கமும் இல்லை. மாடியில் ஒரு ஷீட் போட்ட கொட்டகை, கீழே கோரைப்பாய்கள், மூன்று பக்கச் சுவரிலும் கருப்பு பெயிண்ட் அடித்துக் கரும்பலகை. அவ்வளவுதான் இடம். வேலூர் மே மாத வெயிலில் அந்தக் கொட்டகைக்குள் உட்காருவது பெரிய சோதனை. இரண்டு ஃபேன் இருக்கின்றன, போதாது.

நான் சத்துவாச்சாரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் பத்தாம் வகுப்பு போன 2021-இல் அவளை அங்கே சேர்த்தேன். மகனை 2024-இல் சேர்த்தேன். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை அங்கேயே படித்தாள். அவன் பாதி வருஷத்தில் நின்றுவிட்டான். இந்த டியூஷனைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லாரும் "நல்லா நடத்துவாரா?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: நடத்துவார், அவர் மாதிரி நடத்தி நான் யாரையும் பார்த்ததில்லை. ஆனால் பிள்ளை அங்கே கணக்கை மட்டும் கற்றுக்கொண்டு வருவதில்லை, அவரையே கற்றுக்கொண்டு வருகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பீஸ். கொட்டகை வாசலில் பூட்டுப் போட்ட ஒரு தகர டப்பா இருக்கும். முடிந்ததைக் கவரில் போட்டு அதில் போட வேண்டியதுதான். கவரின் மேல் பெயர் எழுதக்கூடாது. யார் எவ்வளவு போட்டார்கள், யார் போடவில்லை என்பது அவருக்கே தெரியாது. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்பவரின் மகளும் டாக்டர் வீட்டுப் பையனும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். முழு வருஷப் பணத்தையும் ஜூன் மாதமே கட்டு, இரண்டு தவணைதான், தாமதமானால் பிள்ளையை வெளியே நிறுத்துவோம் என்று சொல்லும் இடங்களைப் பார்த்தவள் நான். இதற்காகவே அந்த மனிதரைக் கும்பிடலாம். எனக்குத் தொழில் மந்தமாக இருந்த மாதங்களில் வெறும் நூறு ரூபாய் போட்டிருக்கிறேன். என் மகளை அவர் நடத்திய விதத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அடுத்தது பாடம். மகள் சேர்ந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரையும் வேலூர் கோட்டைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அகழி ஓரம் நிற்க வைத்து, "தண்ணியில இறங்கக்கூடாது, அந்தப் பக்கம் போகக்கூடாது. அகழி எவ்வளவு அகலம்னு சொல்லுங்க" என்றாராம். கையில் ஒரு டேப்பும் ஒரு பாகைமானியும் மட்டும். பிள்ளைகள் வெகுநேரம் தவித்திருக்கிறார்கள். அவர் ஒரு மர நிழலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாராம். கடைசியில் ஒரு பெண் கண்டுபிடித்தாள். எதிர் மதிலில் ஒரு கல்லைக் குறி வைத்துக்கொண்டு, அதற்கு நேர் எதிரே கரையில் நின்று, அங்கிருந்து கரையோரமாகவே நடந்து போக வேண்டும். புறப்பட்ட இடத்துக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவே கோணம் 45 டிகிரி வரும் இடத்தில் நின்றுவிட வேண்டும். நடந்து வந்த தூரம்தான் அகழியின் அகலம், ஏனென்றால் டேன் 45 என்பது 1. உடனே இன்னொரு பையன், "சார், அவ்வளவு தூரம் நடக்க இடமில்லன்னா?" என்று கேட்டிருக்கிறான். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டாராம். அப்புறம்தான் 60 டிகிரியில் நின்று, நடந்த தூரத்தை 1.732 ஆல் பெருக்குவதைச் சொல்லிக்கொடுத்தார்.

முக்கோணவியல் என்ற பாடத்தை நான் பள்ளியில் அழுதுகொண்டே படித்தேன். என் மகள் அன்று மதியம் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், எதிர் வீட்டுத் தண்ணீர் டேங்க்கின் உயரத்தை அளந்துகொண்டிருந்தாள்.

அவருக்குப் பாடம் என்றால் ஊர் முழுக்கப் பாடம். 1806 ஜூலை 10-இல் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்ததை நாம் தேதியாகத்தான் மனப்பாடம் செய்தோம். இவர் அதையே வேகம், தூரம், நேரம் கணக்காக்கினார். ஆற்காடு இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர். சேதி அங்கே போக வேண்டும், அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையைக் கிளப்ப வேண்டும், அந்தப் படை இங்கே வந்து சேர வேண்டும். அன்று காலையே வந்து சேர்ந்துவிட்டது. அப்படியென்றால் சேதி எத்தனை மணிக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்? குதிரை ஒரே வேகத்தில் ஓடுமா? சிப்பாய்கள் முதலில் என்ன செய்திருந்தால் நேரம் கிடைத்திருக்கும்? இதை வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஒரு மாலை முழுக்க வாதாடியிருக்கிறார்கள். புதுத் தலைப்பாகையை மாட்டச் சொன்னதும், நெற்றிக் குறியையும் தாடியையும் கடுக்கனையும் எடுக்கச் சொன்னதும்தான் சிப்பாய்கள் கொதித்ததற்குக் காரணம் என்று என் மகள் எனக்கு விளக்கினாள். கணக்கு டியூஷனிலிருந்து வந்து சொன்னாள்.

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறதே, அங்கே வேன் பிடித்து அழைத்துப் போனார். நம் பக்கத்திலேயே இருந்தும் முக்கால்வாசிப் பேர் போனதில்லை. 1986-இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது 1977-இல் தெரியவந்ததே, அதில் இந்த மலையிலிருந்து பார்த்தவர்களுக்கும் பங்கு உண்டு. வாணியம்பாடிப் பிள்ளைக்கும் ஆலங்காயம் பிள்ளைக்கும் இது தங்கள் மலை என்று தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. என் மகள் இன்று இயற்பியல் பட்டப்படிப்பு படிக்கிறாள் என்றால் அந்த வேன் பயணத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

எனக்கே நேரடியாகக் கிடைத்த பலன் ஒன்றையும் சொல்ல வேண்டும். அம்ப்ரெல்லா கட் பாவாடைக்கு இடுப்பு வளைவு வெட்ட, எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மாஸ்டர் சொன்ன வழி: இடுப்பு அளவை ஆறால் வகுத்து, ஒன்றிரண்டு நூல் (ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) குறைத்துக்கொள். ஏன் குறைக்க வேண்டும் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒரு நாள் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மகள், "ஆறு இல்லம்மா, 6.28. அது ரெண்டு பை. 28 இஞ்ச் இடுப்புக்கு 4.46 வரும், ஆறால வகுத்தா 4.67 வரும், அந்த வித்தியாசத்தைத்தான் நீ நூல் கணக்கில கழிக்கிற" என்றாள். எத்தனை வருஷமாகக் கத்திரி பிடித்திருக்கிறேன். என் கை செய்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இத்தனையும் உண்மை. இனி சொல்வதும் உண்மை.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. வறண்ட மணலையே பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கரை தொட்டு ஓடும் பாலாறு ஒரு அதிசயம். தரைப்பாலங்கள் மூழ்கிக் கிடந்தன, கரைக்குப் போகாதீர்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே போனார்கள். அன்று சாயங்காலம் இவர் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போய், மிதந்து போகும் செடிகளை வைத்து நீரின் வேகத்தைக் கணக்கிடச் சொல்லியிருக்கிறார். அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கன அடி. அருமையான பாடம்தான். ஆனால் பெற்றவர்கள் யாருக்கும் ஒரு போன் கிடையாது. டியூஷன் முடியும் நேரம் தாண்டியும் மகள் வராமல், சார் போனும் எடுக்காமல், நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிரீன் சர்க்கிள் நெரிசலில் மாட்டிக்கொண்டு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுநாள் கேட்டதற்கு, "நான் கூடவே இருந்தேனேம்மா" என்றார். அவர் கூட இருந்தால் போதும் என்று அவர் மனதார நம்புகிறார். பிள்ளைகளும் அப்படியே நம்புகிறார்கள். எனக்குப் பயம் அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான்.

திருப்புதல் தேர்வு முடிந்ததும் பள்ளியிலிருந்து கணக்கு மிஸ் என்னைக் கூப்பிட்டார். விடைத்தாளைக் காட்டினார். எல்லா விடையும் சரி, ஒரு வரி வழிமுறை இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு 14தான். மீதி 86-உம் படிப்படியாக எழுதியோ வரைந்தோ காட்ட வேண்டியவை. படி எழுதினால் விடை தவறினாலும் பாதியாவது கிடைக்கும், எழுதாவிட்டால் விடை சரியாக இருந்தும் போகும். ஏன் எழுதவில்லை என்று மிஸ் கேட்டதற்கு என் மகள் சொன்ன பதில்: "ஸ்டெப் எழுதறது கிளார்க் வேலைன்னு சார் சொல்லியிருக்காரு."

மிஸ் கோபப்படவில்லை. முகம் மட்டும் வாடிவிட்டது. கொரோனாவில் பள்ளி பூட்டியிருந்த மாதங்களில், வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பேசிப் பதிவு செய்து அனுப்பியவர் அந்த மிஸ். போன் இல்லாத பிள்ளைகளைத் தெருத்தெருவாகத் தேடிப்போனவர். அவரைத்தான் இந்தப் பிள்ளைகள் 'கைடு மிஸ்' என்று பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயரை வைத்தது டியூஷன் சார். பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் கைடு பார்த்துப் புள்ளி மாறாமல் எழுதிப் போடுகிறவர்கள் என்பது அவர் அடிக்கடி சொல்லும் பேச்சு. மாசத்துக்கு ஒரு வகுப்பாவது அதில் போகும். அவருக்கு அது ஒரு கேலி. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது வேதவாக்கு.

அவரிடம் படிக்கும் பிள்ளைகளைக் கூட்டத்தில் நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். ஏழு என்ற எண்ணின் நடுவே அவர் மாதிரியே கோடு போடுவார்கள். யோசிக்கும்போது அவர் மாதிரியே காதைப் பிடித்துக்கொள்வார்கள். இதெல்லாம் எந்தத் தவறும் இல்லாத ஆசை. ஆனால் அவருக்குப் பிடிக்காதது எல்லாம் இவர்களுக்கும் கேவலமாகிவிடுகிறது. மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு 'மனப்பாடப் பந்தயம்' என்று அவர் சொல்லப்போக, உயிரியலில் கெட்டிக்காரனாக இருந்த ஒரு பையன் பாதியில் கோச்சிங்கை விட்டுவிட்டான். அவன் அம்மா என் கடைக்கு ஜாக்கெட் தைக்க வருபவர். கட்டிய பணம் போனதற்கு அவர் அழவில்லை. "நான் பேசினா காதுலயே வாங்க மாட்டேங்கறான்க்கா, சார் என்ன சொன்னாருன்னுதான் பேசறான்" என்றுதான் அழுதார். அந்தப் பையன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை சார் கேட்டு வாங்கவில்லை. அவன் தானாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். கொடுக்கப்படுவதை அவர் பார்த்திருக்க வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

இப்போது என் மகன். அவன் கொஞ்சம் மெதுவாகப் படிப்பவன். வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் அவனுக்கு மண்டையில் ஏறும். வாய்ப்பாடும் அப்படித்தான், திருக்குறளும் அப்படித்தான். சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு சூத்திரத்தைக் கேட்டதற்குப் புத்தகத்தில் உள்ளபடியே வரி பிசகாமல் ஒப்பித்திருக்கிறான். சார், "டேய், டேப் ரெக்கார்டர்!" என்றார். பாய் முழுக்கச் சிரிப்பு. அதிலிருந்து அவனுக்கு அங்கே அதுதான் பெயர்.

நல்ல கேள்வி கேட்கும் பிள்ளைகளுக்கு முன் பாய் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். என் மகள் வருஷம் பூராவும் முன் பாயில் இருந்தவள். மகன் பின் பாயிலிருந்து நகரவே இல்லை. கேள்வி கேட்டால் சிரிப்பார்களோ என்று கேட்பதையே விட்டுவிட்டான். வீட்டில் சத்தமாகப் படிப்பதையும் விட்டுவிட்டான், அதாவது அவனுக்குத் தெரிந்த ஒரே வழியையும் விட்டான். அப்புறம் டியூஷனுக்கு என்று கிளம்பி, காட்பாடி ஜங்ஷனில் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து, போகிற வருகிற ரயிலைப் பார்த்துவிட்டு, டியூஷன் முடியும் நேரத்துக்கு வீட்டுக்கு வர ஆரம்பித்தான். என் கடைக்கு வரும் ஒருவர் அங்கே பார்த்துவிட்டுச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டியூஷனிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. அங்கே வருகைப் பதிவேடே கிடையாது. வர விரும்புகிறவன் வருவான் என்பது சார் கொள்கை.

இதைவிட என்னைச் சுட்டது வேறு ஒன்று. ஒரு நாள் ராத்திரி மகள் உள்ளேயிருந்து, "டேப் ரெக்கார்டர், தண்ணி எடுத்துட்டு வாடா" என்றாள். அவளும் அந்த டியூஷனில் படித்தவள், அவளுடைய தோழிகளின் தம்பிமார் அங்கே இருக்கிறார்கள், பெயர் அவள் காதுக்கு வந்துவிட்டது. அகழியை அளக்கக் கற்றுக்கொண்ட அதே இடத்தில் என் மகள், மெதுவாகப் படிப்பவனைப் பார்த்துச் சிரிக்கவும் கற்றுக்கொண்டிருந்தாள். அன்று அவளிடம் நான் பேசிய பேச்சு கொஞ்சமல்ல. அவள் அழுதாள், தம்பியிடம் மன்னிப்புக் கேட்டாள். நல்ல பெண்தான். ஆனால் அது அவளுக்குள் எப்படி அவ்வளவு சுலபமாக வந்து உட்கார்ந்தது என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது.

சாரைப் போய்ப் பார்த்தேன். அவரைப் பற்றி ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: குறுக்கே பேசவில்லை, முழுக்கக் கேட்டார். "சின்ன வயசுல என்னையும் ஒரு வாத்தியார் இப்படித்தாம்மா சீண்டுவாரு. அந்த ரோஷத்துலதான் படிச்சேன்" என்றார். "சீண்டினா எழுந்திருக்கிற பிள்ளைங்க இருக்காங்க சார். அப்படியே உட்கார்ந்துடற பிள்ளைங்களும் இருக்காங்க. உங்க கொட்டகையில எழுந்தவங்கதான் முன்னாடி பாயில இருக்காங்க, உட்கார்ந்தவங்க உங்க கண்ணுக்கே தெரியல" என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். இனி அப்படிக் கூப்பிட மாட்டேன், அனுப்புங்கள் என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனால் பாயில் இருந்த பிள்ளைகள் நிறுத்தவில்லை. அவர் ஒரு முறை சொன்னதை அவர்கள் நூறு முறை சொன்னார்கள். அதை நிறுத்த அவராலும் முடியவில்லை.

மகனைத் தோட்டப்பாளையத்தில் ஒரு மிஸ்ஸிடம் மாற்றினேன். சின்ன ஹால், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், ஒரே கணக்கைச் சலிக்காமல் மூன்று முறை போட்டுக் காட்டுவார், சத்தமாகச் சொல்லிப் படிக்கவும் விடுவார். கோட்டைக்கும் காவலூருக்கும் போகவில்லை. 2025 பொதுத் தேர்வில் கணக்கில் 68 வாங்கினான். எனக்கு அது போதும். அவன் மறுபடியும் வீட்டில் வாய்விட்டுப் படிக்கிறான், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

சரி, சேர்க்கலாமா என்று கேட்டால்: துறுதுறு என்று இருக்கிற, நாலு பேர் சிரித்தாலும் திருப்பிப் பேசுகிற பிள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள், வேறெங்கும் கிடைக்காதது அங்கே கிடைக்கும். படிப்படியாக எழுதிப் பழகுவதை மட்டும் வீட்டில் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், பள்ளி மிஸ்ஸிடமும் அடிக்கடி பேசிக்கொண்டிருக்க வேண்டும். கூச்ச சுபாவம் உள்ள, ஒன்றை நாலு முறை சொன்னால்தான் பிடித்துக்கொள்கிற பிள்ளையை இப்போதைக்கு அனுப்பாதீர்கள். அவர் கெட்டவர் என்பதால் இதைச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு அங்கே இடம் பின் பாய்தான்.

சேர்க்கை ஏப்ரல் கடைசியில். விண்ணப்பம், நுழைவுத் தேர்வு எதுவும் இல்லை, நேரே மாடிக்குப் போக வேண்டியதுதான். வண்டி நிறுத்தத் தெருவில் இடமில்லை. மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது, மழை நாளில் வழுக்கும். வகுப்பு எட்டு மணிக்கு முடியும் என்பார்கள், ஒன்பதரை ஆகும். பெண் பிள்ளை என்றால் அழைத்துவர ஆள் வேண்டும். வெளியே கூட்டிப்போவதானால் முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும் என்று சேர்க்கும் அன்றே சாரிடம் கறாராகக் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்டவர்களுக்குச் சொல்கிறார். முதல் வாரம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் சார் என்ன நடத்தினார் என்று கேட்பதோடு விடாதீர்கள். பக்கத்தில் உட்காருகிறவனை என்ன பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்றும் கேளுங்கள். ஏதாவது பெயர் வந்தால் உடனே மாடி ஏறிப் போய்ப் பேசுங்கள், நான் போனது போல ஆறு மாதம் கழித்துப் போனால் அது பாயெல்லாம் பரவியிருக்கும்.